கரண்டு வெச்சா முதுகு நிமிருமா, மாப்ள?

ஏனுங் மாப்ள, இடுப்புப் புடிச்சுக்கிச்சாமா? நெம்ப சந்தோசமுங். சரவணம்பட்டி ஏசி ரூமுல, சுத்தற நாற்காலியில சுத்தாம உக்காந்து நீங்களாச் சம்பாரிச்ச சொத்தல்லோ! உங்கப்பாரு ஒர மூட்டை தூக்கி, வாய்க்கா வெட்டி, கடேசில சேத்து வெச்சதும் அதேதானுங். திருப்பூர்ல மிசின்ல குனிஞ்சு தெக்கறவிய, சோமனூர்ல தறிகிட்ட நின்னே கெடக்கறவிய, ஆருக்கு இல்லைங்கறீங்க? 2020-ல ஒலகத்துல 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலின்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

வலி கெடக்கட்டும், நீங்க பண்ற வைத்தியத்தத்தான் பாக்க முடியல. ரேக்ளாவுக்குப் போற காளைக்குக்கூட அத்தன வார் கட்டறதில்ல, நீங்க பெல்ட்டுக் கட்டியிருக்கறீங்க. வெடியால கரண்டு, மத்தியானம் அல்ட்ராசவுண்டு, பொழுதோட எடை கட்டி இழுவை. மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற, தனிக் காரணம் ஒண்ணும் புடிபடாத முதுகுவலிக்கு எது வேணும், எது வேண்டாம்னு அதே நிறுவனம் 2023 டிசம்பர்ல ஒரு வழிகாட்டி போட்டுச்சுங். வேண்டாம்ங்கற பக்கத்துல பெல்ட்டு, இழுவை, டென்ஸ்ங்கற கரண்டு, அல்ட்ராசவுண்டு நாலும் இருக்குது. ஒண்ணு வுடாம எப்புடிப் புடிச்சீங்க? படிச்ச புள்ளைன்னா சும்மாவா!

வேணும்ங்கற பக்கம் உடற்பயிற்சி, வலியப் பத்திப் புரியச் சொல்லித் தர்றது, பயிற்சி உள்ளவிய கையால பதமா அசைச்சு வுடறது, நீவி வுடறது எல்லாம் வருது. நீவறதுன்னு சொன்ன ஒடனே முதுகு மேல ஏறி மிதிக்கற ஆளத் தேடிப் போயிராதீங்க.

அப்பறம் அந்த ஸ்கேன். ஒறம்பர சனத்துக்கெல்லாம் வாட்சப்புல அனுப்பிப்போட்டீங்க, கல்யாணப் பத்திரிகையாட்டம். டிஸ்க் பிதுங்கியிருக்குதாமா. ஒரு வலியும் இல்லாதவியள ஸ்கேன் எடுத்த ஆய்வுகளையெல்லாம் 2015-ல சேத்துக் கணக்குப் பாத்தாங்க. 20 வயசுல நூத்துக்கு 30 பேருக்கும், 80 வயசுல 84 பேருக்கும் அந்தப் பிதுக்கம் இருந்துச்சு. எனக்கும் இருக்குமுங். நான் ஆருக்கும் அனுப்புல, அவ்வளவுதான்.

இந்த டிஸ்க்கப் பத்தி நம்ம கோயமுத்தூரு மேட்டுப்பாளையம் ரோட்டு கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் ராஜசேகரனும் கூட இருந்தவியளும் பண்ணுன ஆராய்ச்சி 2004-ல வெளியாகி, ஒலக அளவுல பரிசே வாங்குச்சுங். பெரியவிய டிஸ்க்குக்கு நடுவுல ரத்தக் கொழாயே கெடையாது. மேலயும் கீழயும் இருக்கற எலும்புத் தகடு வழியா சத்து ஊறித்தான் உள்ள போகோணும். அந்தத் தகடு கெடும்போது டிஸ்க் எப்புடிக் கெடுதுன்னு மருந்து செலுத்தி, மணிக்கணக்குல திருப்பித் திருப்பி ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. தோலு மேல ஒட்டற கரண்டுப் பட்டை கொஞ்ச நேரம் வலிய மறக்கடிக்கும். டிஸ்க்குக்குச் சோறு ஊட்டுமாக்கும்?

காசில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்குதுங், அதனாலதான் உங்களுக்குப் புடிக்காது. முதுகுவலி வந்து தேறுன 701 பேர வெச்சு ஆஸ்திரேலியாவுல பாத்தாங்க, 2024-ல வெளியாச்சு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தபடி மெல்ல மெல்லக் கூட்டி, வாரத்துல 5 நாள் 30 நிமிசம் வரைக்கும் நடக்கறது. நடந்தவியள்ல பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆச்சு. நடக்காதவியள்ல பாதிப் பேருக்கு 112 நாள்தான். ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குப் போங்க. போற எடத்துல நடங்க மாப்ள, கடையில உக்காந்து போண்டா தின்னுபோட்டு வந்துராதீங்க.

பிசியோகிட்ட நல்லாப் போங்க. போன ஒடனே, "ஊட்டுல நான் என்ன பண்ணோணும்?"னு கேளுங்க. குனியறது, தூக்கறது, வயித்தையும் முதுகையும் பலப்படுத்தறதுன்னு சொல்லித் தந்தா அது நல்ல எடம். "நாளைக்கும் வந்து படுங்க"ன்னு மட்டும் சொன்னா, வேற எடம் பாருங்க.

இனி லொள்ளு இல்லைங். காலு வலுவிழந்து பாதம் இழுத்தாலோ, தொடை இடுக்குல மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமப் போனாலோ, வராமப் போனாலோ, வலியோட காச்சல் வந்தாலோ, நடையும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம். அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.