தண்ணியில் போன பணம்

கேள்வி: ஏழை வீட்டுக்குச் சும்மா பணம் கொடுத்தால், எல்லாம் தண்ணியில்தானே போகும்?

பதில்: கென்யாவில் தண்ணிக்குத்தான் போனது, கூரையில் ஒழுகுகிற தண்ணியை நிறுத்த! சியாயா மாவட்டத்தில் புல்வேய்ந்த வீட்டுக்காரர்களுக்கு ‘கிவ்டைரக்ட்லி’ அமைப்பு சுமார் 1,000 டாலரைத் தவணைகளாகச் செல்போனிலேயே அனுப்பியது. பலர் புல்லை இறக்கிவிட்டுத் தகரம் போட்டார்கள். ஊர்க் கடைகளில் வியாபாரம் சூடுபிடித்து, ஒரு ஷில்லிங்கூட வாங்காத பக்கத்து வீட்டிலும் காசு புழங்கியது. விலைவாசி? ஏறியதே தெரியவில்லை.

பல நாடுகளின் 19 ஆய்வுகளை அலசிய உலக வங்கி அறிக்கை, இப்படிக் கொடுக்கிற பணத்தால் குடியும் புகையும் கூடவில்லை என்று 2014-லேயே சொல்லிவிட்டது.

அது சரி, உமக்குத் தீபாவளி போனஸ் வந்தபோது இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?