இது எதுக்கு நல்லது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் தெருக்கோடிக் காலி மனையில் குப்புறப் படுத்திருந்தேன். எதற்கு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்களும் படுத்திருப்பீர்கள். முழங்கையில் நெருஞ்சி முள், சட்டைக்குள் எறும்பு, மூக்குக்கு எதிரே ஒரு வெட்டுக்காயப் பூண்டு.

மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம்மூர் ரயில் பாதை ஓரமெல்லாம் குடியேறிய செடி. சுற்றிலும் ஐந்து வெள்ளை இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள், நடுவே மஞ்சள் குழல்கள். நடந்து போகிறவருக்கு அது ஒரு பூ. லென்ஸ் வழியே பார்த்தால் கூட்டுக் குடும்பம்: இதழ் என்று நாம் நினைப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, குழல் ஒவ்வொன்றும் தனிப் பூ. எஃப் 8-இல் வைத்து அசல் அளவுக்கு எடுத்தால் கூர்மையாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். நான் மூச்சு விட்டால் பூ மங்குகிறது. மூச்சைப் பிடித்தால் காற்று அடிக்கிறது. அதுவரை ஓர் இலைகூட அசையாமல் புழுங்கிக்கொண்டிருந்த ஊரில், என் விரல் பட்டனுக்குப் போனதும் எங்கிருந்துதான் வருமோ! நூற்று நாற்பது படத்தில் ஒன்று தேறியது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலே நிமிடத்தில் அத்தை: "அழகா இருக்குப்பா. இது எதுக்கு நல்லது?"

நான் எழுத உட்கார்ந்தது கல்லைப் பற்றி. இதை மட்டும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

எதுக்கு நல்லது! கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது மாப்பிள்ளையைக் காட்டி யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சில கல்யாணங்கள் நின்றிருக்கும், என்னுடையது உட்பட. செடி என்றால் மட்டும் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல நேர்காணல். தும்பையைப் போட்டால் சித்தப்பா "சளிக்கு" என்கிறார். குப்பைமேனியைப் போட்டால் பெரியம்மா "சொறிக்கு, மஞ்சள் வச்சு அரைக்கணும்" என்கிறார். கீழாநெல்லியின் இலைக்கடியில் கடுகளவுகூட இல்லாத பூவை ஒன்றரை மணி நேரம் வெயிலில் கிடந்து எடுத்துப் போட்டேன், "வீட்டுல யாருக்கு மஞ்சக்காமாலை?" என்று மூன்று பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் இளநீரோடு நேரிலேயே வந்துவிட்டார். வெட்டுக்காயப் பூண்டுக்கோ பேரிலேயே பதில் இருக்கிறது. அதற்கும் கேள்வி!

குடும்பத்தை விடுங்கள். அன்றைக்கே, மனைக்கு எதிர் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் வந்து என் வெளிச்சத்தில் சரியாக நின்றுகொண்டு கேட்டார்.

"சுகருக்கா சார்?"

"இல்லீங்க, போட்டோவுக்கு."

"போட்டோ சரி சார். செடி எதுக்கு?"

நல்ல மனிதர். உதவத்தான் நினைத்தார். நான் பேட்டரி மாற்றிவிட்டு நிமிர்வதற்குள் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, என் கையில் கொடுத்தார். "வேருலதான் சார் சத்து."

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

இந்த எரிச்சலில்தான் போன மாதமே கல்லுக்கு மாறிப் பார்த்தேன். கல் காற்றில் ஆடாது, யாரும் பிடுங்கவும் முடியாது. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லில் ஒரு துண்டு கிடைத்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையின் மேல் கிடக்கிறதே, அதே சாதிக் கல். அதனால்தான் 1893-இல் தாமஸ் ஹாலந்து அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். ஈரத் துணியால் துடைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், எண்ணெய் தடவியதுபோல நீலம் பாய்ந்த குவார்ட்ஸ். இடையிடையே கரும்பழுப்பாக ஹைப்பர்ஸ்தீன். ஒரே படம், அதுவும் கூர்மையாக விழுந்தது. குழுவில் போட்டு, 'கல்!' என்று மட்டும் எழுதினேன்.

மாமா உடனே கேட்டார்: "எத்தனை எம்.எம்.?"

கண் கலங்கிவிட்டது. பதினொரு வருடத்தில் என் லென்ஸைப் பற்றி விசாரித்த முதல் உறவினர். "நூறு எம்.எம்., மாமா" என்று பெருமையோடு பதில் போட்டேன்.

"நூறா! உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. தனியா வண்டி ஓட்டாதே."

அத்தை அடுத்த வரியில் நெருஞ்சி முள் கஷாயம் வைக்கும் பக்குவத்தை எழுதியிருந்தார்.

கல்லைப் பற்றி உருப்படியாக ஒன்று சொல்ல இருந்தேன், இடம் தீர்ந்துவிட்டது. ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். காலி மனையில் யாராவது குப்புறப் படுத்திருந்தால் வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்கிப் போங்கள். எதையும் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். முடிந்தால் எழுந்திருக்க ஒரு கை கொடுங்கள், முட்டி பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு எது நல்லது என்று தெரிந்தால் சொல்லலாம். முடக்கத்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள், அத்தை சொல்லிவிட்டார்.