ஓனர் சாரும் பத்து மாத அட்வான்ஸும்

சென்னையில் வீடு தேடுகிறவர் முதலில் சந்திப்பது புரோக்கரை. அவர் ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு நல்லபடியாக விலகிவிடுவார். அதன்பின் நம் பாடு ஓனர் சாரோடுதான். நங்கநல்லூரிலோ மேற்கு மாம்பலத்திலோ மடிப்பாக்கத்திலோ கீழே தான் குடியிருந்துகொண்டு, மாடியில் இரண்டு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டிருப்பார். பணி ஓய்வு பெற்றவர். காலையில் கிரில் கதவுக்குள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பர் முகத்துக்கு நேராக இருக்கும். கண் மட்டும் மாடிப்படியில் இருக்கும். உங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தார்கள், கையில் எத்தனை பை, வந்தவர் எத்தனை பக்கெட் தண்ணீரில் குளித்திருப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வீடு பார்க்கப் போகும் அன்றைக்கு இவரைப்போல் இனிமையானவர் உலகத்தில் கிடையாது. காபி வரும். "காசுக்காக நான் வீடு விடலை தம்பி. நல்ல ஃபேமிலியா இருக்கணும், வீட்டை வீடா வெச்சுக்கணும். எனக்கு அது போதும்" என்பார். சொந்த ஊர், கம்பெனி, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிப்பார். அசைவம் சமைப்பீர்களா என்று மட்டும் நேராகக் கேட்கமாட்டார். "இந்தத் தெருவுல எல்லாரும் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்துவார். மீதியை நீங்கள்தான் முடித்துவைக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்து நீங்கள் செருப்பை மாட்டும்போது, "வாடகை பதினஞ்சு. அட்வான்ஸ் வழக்கம்போல பத்து மாசம்" என்பார், ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்துகிற மாதிரி.

வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இந்த ஊரில் பேச்சுவார்த்தையே கிடையாது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்காதே என்றது. பத்து மாத வழக்கம் அந்தச் சட்டத்தின் நிழலிலேயே வேர்விட்டு வளர்ந்தது. பிறகு 2017-இல் புதுச் சட்டம் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது அது. கூடவே, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, என்று ஒரு சின்ன ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. ஓனர் சார் பத்து மாதத்தையும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறார். நீங்கள் முனகினால், "பெங்களூர்ல போய்ப் பாருங்க, அங்கேயும் பத்துதான்" என்பார். டெல்லியில் ஒன்றிரண்டு மாதத்தோடு முடிந்துவிடுகிறதே என்று கேட்டால், "அங்க குளிர் தம்பி, நமக்கு ஒத்துக்காது" என்று பேச்சை முடித்துவிடுவார்.

பதினைந்தாயிரம் வாடகைக்கு அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். வங்கியில் 7 சதவீதம் வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 10,500 ரூபாய். ஆக வருடத்தின் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கும் ஏறக்குறைய முக்கால் வாடகை வாங்கிவிடுகிறார் என்று நீங்கள் கணக்குப் போடலாம். போட்டால் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அந்தப் பணம் வங்கிக்குப் போவதே இல்லை. கையெழுத்தான அன்று சாயங்காலமே அது இரண்டாவது போர்ஷனுக்கு டைல்ஸாகவோ மகள் கல்யாணத்துக்குப் பந்திச் செலவாகவோ மாறிவிடும். பல வீடுகளில் மாடியே முதல் குடித்தனக்காரரின் அட்வான்ஸில் எழும்பியதுதான். நீங்கள் நிற்கும் தரைக்குக் கீழே உங்களுக்கு முன்னால் இருந்தவரின் பணம் கிடக்கிறது.

இதனால்தான் ஓனர் சாரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் பணத்தை அமுக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. பணமே இல்லை, அவ்வளவுதான்.

நடுவில் ஓடும் வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினோரு மாத அக்ரிமென்ட். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், ஊரில் எல்லாக் குடித்தனமும் பதினோரு மாதத்தில் ஒருமுறை செத்துப் பிழைக்கிறது. புதுச் சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தத்தையும் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இல்லை, துணை மீட்டர்தான். யூனிட் விலையை வாரியம் தீர்மானிப்பதில்லை, அவர் தீர்மானிப்பார். அரசாங்கம் தரும் 100 யூனிட் இலவசம் கீழ்வீட்டோடு நின்றுவிடும், மாடி ஏறாது. மோட்டார் சுவிட்ச் ஓனரம்மா கையில். அந்த அம்மா நல்லவர். கறிவேப்பிலை கேட்டால் கொத்தாக ஒடித்துத் தருவார், தண்ணீர் கேட்டால்தான் காது கேட்காது.

"சார், அடுத்த மாசம் காலி பண்றோம்" என்று நீங்கள் சொல்லும் நாளில்தான் உண்மையான ஓனர் சார் வெளியே வருகிறார். முதலில் முகத்தில் வருவது கோபமில்லை, திகில். ஒன்றரை லட்சத்தை எங்கே போய்ப் புரட்டுவது? "ஏன் தம்பி, ஏதாவது குறையா? சொந்தப் பிள்ளை மாதிரிதானே வெச்சிருந்தோம்?" என்பார். மறுநாள் கேட்டில் டு-லெட் போர்டு தொங்கும். அதற்கடுத்த நாள் கையில் டார்ச் லைட்டோடு மாடிக்கு வருவார்.

அக்ரிமென்டில் "சேதாரம் ஏதும் இருப்பின் கழித்துக்கொண்டு, வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி உண்டு. நகைக்கடைக்காரருக்கு அடுத்தபடி சேதாரத்தில் வாழ்கிறவர் ஓனர் சார்தான். ஹாலில் ஆரம்பிப்பார்.

"இது என்ன ஆணி?"

"நாங்க வரும்போதே இருந்தது சார்."

"அப்பவே சொல்லியிருக்கணும்ல?"

அப்போதே சொன்னீர்கள். "சின்ன விஷயம் தம்பி, இதுக்கெல்லாம் போய்க் கணக்குப் பாப்பாங்களா" என்று தோளில் தட்டிக்கொடுத்தவர் அவர்தான். இன்றைக்குப் பார்க்கிறார். சமையலறை டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு, வாஷ்பேசினில் மயிரிழை விரிசல், பூஜை அலமாரியில் விளக்குக் கரி. டியூப் லைட்டின் பட்டியைக் காணோம் என்பார். அது எரிந்ததே இல்லை என்று நீங்கள் சொன்னால், "எரியலைன்னாலும் பட்டி பட்டிதானே" என்பார். குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும். குளியலறையில் தண்ணீர் படலாமா என்கிற தொனியில் உங்களைப் பார்ப்பார்.

கடைசியில் பெயிண்ட். இதற்கு டார்ச் தேவையில்லை. ஆறு மாதம் இருந்தாலும் ஆறு வருடம் இருந்தாலும் ஒரு மாத வாடகை கழிப்பு. 2017 சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் எழுதிவைத்திருக்கிறது. குழாய் வாஷரும் சுவிட்சும்தான் குடியிருப்பவர் பாடு. ஆனால் அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அதுகூடப் போகட்டும், பிடித்த பணத்துக்குச் சுவரில் வர்ணமாவது ஏற வேண்டாமா? நான்கு குடித்தனத்திடம் பெயிண்ட் காசு பிடித்த பிறகும் கிரகப்பிரவேசத்துக்கு அடித்த ஒரே பூச்சோடு நிற்கும் சுவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதில்லை. "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று ஒரு குடித்தனக்காரர் என்றைக்கோ கண்டுபிடித்த அஸ்திரத்தை இன்று ஊரே ஏந்தி நிற்கிறது. டிவி மாட்டச் சுவரில் டிரில் போட்டு ஓட்டையைப் பற்பசையால் அடைத்தவர்களை எனக்குத் தெரியும். குழந்தை முழங்கால் உயரத்துக்கு அ, ஆ எழுதிய சுவரைச் சோபாவை நகர்த்தி மறைத்தவர்களையும் தெரியும். காலி செய்யாமல் அடம்பிடித்து வழக்குக்குப் போய், சிறுவழக்கு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுத்தவர்களின் கதை ஒவ்வொரு ஓனர் வீட்டிலும் ஒரு சித்தப்பா பெயரால் சொல்லப்படுகிறது. ஓனர் சாரும் பாதி ஆயுளை வாடகை வீட்டில் கழித்தவர்தான். அன்று தன்னிடம் பிடித்த பெயிண்ட் காசைத்தான் இன்று வசூலிப்பதாக அவர் மனசாட்சி கணக்கு எழுதியிருக்கக்கூடும்.

சரி, பணம் எப்படித் திரும்பும்? அடுத்த குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்தால் திரும்பும். அதுவரை "ரெண்டு நாள் தம்பி" என்பதுதான் பதில். அந்த இரண்டு நாள் மாதக் கணக்கில் நீளும். ஆகவே அந்த அடுத்தவர் வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாழ்க்கையில் முக்கியமான நாள். ஓனர் சார் கீழே காபி கொடுத்து, காசுக்காக வீடு விடவில்லை என்பதைச் சொல்லி முடித்து, அவரை மாடிக்கு அழைத்து வருவார். வந்தவர் உங்களைத் தனியாக ஓரம்கட்டி, "தண்ணியெல்லாம் எப்படி சார்? ஓனர் எப்படி?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "தண்ணிக்குக் குறையே இல்லை. ஓனர் தங்கமான மனுஷன்." உங்கள் ஒன்றரை லட்சம் அந்த மனிதரின் சட்டைப் பையில் இருக்கிறது, வேறென்ன சொல்ல முடியும்? உங்களிடமும் முன்னால் இருந்தவர் இதையேதான் சொன்னார். ஓனர் சார் கதவோரம் நின்று எதையும் கேட்காதவர்போல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது சட்டம். அது உங்களுக்கு உதவ வேண்டுமானால் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள். வீட்டுச் சாவி வாங்கும் அன்றே ஆணி, விரிசல், உப்பிய கதவு, எரியாத டியூப் லைட் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓனர் சாரையும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிற்க வைத்து எடுங்கள். அன்றைக்கு அவர் மறுக்கமாட்டார், சிரித்துக்கொண்டே நிற்பார்.