துப்பாக்கிக்குப் பொருத்தம் பார்ப்பவர்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். கண்ணாடி மேஜைமேல் முழங்கையை ஊன்றி நிற்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, காதில் பென்சில். மான் வேட்டைக்குத் தோதான துப்பாக்கி ஒன்று வேண்டும் அவருக்கு. போன வருஷமும் அதற்காகத்தான் வந்தார். ஒன்றை வாங்கிக்கொண்டும் போனார். அது சரியான துப்பாக்கி இல்லை என்று வீட்டுக்குப் போய்ச் சேருமுன் தெரிந்துவிட்டது.

நம் ஊரில் மானைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கம்பி எண்ண வைத்துவிடும். அங்கே கதை வேறு. வெண்வால் மான் பெருத்துக் கிடக்கிறது. தோட்டத்தை மேய்கிறது, ராத்திரியில் கார் முன்னால் வந்து விழுகிறது. உரிமம் வாங்கிக்கொண்டு சுடலாம். நவம்பர் கடைசியில் ‘தேங்க்ஸ்கிவிங்’ விருந்து முடிந்த சனிக்கிழமை சீசன் தொடங்கும். 2018 வரை திங்கட்கிழமைதான் கணக்கு. அந்தத் திங்களன்று இன்னமும் பல பள்ளிக்கூடங்கள் விடுமுறை விடுகின்றன. விடாவிட்டால் மட்டும் பையன்கள் வந்துவிடப் போகிறார்களா? வாத்தியாரே காட்டில் இருப்பார்.

சீசன் இரண்டு வாரம். மனிதருக்கு அது பன்னிரண்டு மாத வேலை.

முதலில் தோட்டா. 30-06 என்று ஒன்று இருக்கிறது. 1906-இல் ராணுவத்துக்காக வந்தது, பெயரிலுள்ள 06 அந்த வருஷம்தான். 1952-இல் 308 வின்செஸ்டர் வந்தது. இது அரை அங்குலம் குட்டை. இரண்டிலிருந்தும் பாய்கிற குண்டின் விட்டம் ஒன்றே. வேகத்தில் விநாடிக்கு நூறு அடி முன்னே பின்னே இருக்கும். அந்த நூறு அடியை யோசித்தே மனிதர் தம் நாற்பதுகளைக் கழித்தார். ஒருவழியாக முடிவுக்கு வரும் நேரத்தில் 270 குறுக்கே வந்தது. ஜாக் ஓகானர் என்ற பத்திரிகை எழுத்தாளர் வாழ்நாளெல்லாம் தூக்கிப் பிடித்த தோட்டா அது. எல்மர் கீத் என்ற இன்னொருவர், குண்டு பெரிதாகவும் கனமாகவும் இருந்தால்தான் வேட்டை என்று வாதாடியவர். ஒருவர் 1978-இலும் மற்றவர் 1984-இலும் காலமாகிவிட்டார்கள். சண்டை மட்டும் சாகவில்லை. மனிதர் காலையில் ஓகானர் கட்சி, சாயங்காலம் கீத் கட்சி. அப்புறம், இலக்குச் சுடும் போட்டிக்காரர்களுக்கென்று 2007-இல் பிறந்த 6.5 கிரீட்மோர் கண்ணில் பட்டது. நோட்டில் புதுப் பக்கம் புரட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கும் நம் பெரியப்பாக்கள் பத்துப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் குழலின் நீளம் பார்ப்பார், விசையின் கனம் பார்ப்பார், கட்டை மரமா பிளாஸ்டிக்கா என்று தட்டிப் பார்ப்பார். வின்செஸ்டர் மாடல் 70 என்றால் பிறந்த வருஷத்தையே கேட்பார். 1964-இல் கம்பெனி செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முந்திய துப்பாக்கிகளுக்கு இன்றும் தனி மவுசு.

துல்லியம் என்று வந்துவிட்டால் மனிதர் அசையமாட்டார். நூறு கெஜத்தில் சுட்டால் மூன்று குண்டும் அரை அங்குலத்துக்குள் விழ வேண்டும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடமோ ஏறக்குறைய எட்டு அங்குலம். அதனால்தான் அங்கே பலர் காகிதச் சாப்பாட்டுத் தட்டை நிறுத்திவைத்துச் சுட்டுப் பழகுகிறார்கள். ரூகர், சேவேஜ் என்று கடையில் கிடைக்கிற சாதாரணத் துப்பாக்கிகளே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்குள் அடித்துவிடும். மிச்சம் இருக்கிற ஆறரை அங்குலத்தையும் வீணடிப்பது துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கிற ஆள்.

ஒரு வருஷம் 300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினார். யானை வந்தாலும் விழும் என்றார். பென்சில்வேனியாவில் யானை மிருகக்காட்சிசாலையில்தான் இருக்கிறது. இருந்தாலும் யார் கண்டது? சுடுமிடத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு வெடிக்கும் தோள் கன்றிப்போகிற உதை. ஏழாவது குண்டுக்குள் தட்டைச் சுற்றியிருந்த மண்மேட்டில் நாலா பக்கமும் ஓட்டை. தட்டில் மட்டும் இல்லை. கூட வந்த மச்சான் பேசாமல் துப்பாக்கியை வாங்கி, தோட்டா போடுவதுபோல் பாவனை செய்து, காலியாகவே திருப்பிக் கொடுத்தான். மனிதர் மூச்சைப் பிடித்தார், கண்ணை இறுக மூடினார், தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விசையை அழுத்தினார். ‘டிக்’ என்றது. வராத உதைக்குப் பயந்து குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் நோட்டை எடுத்து, ‘ஸ்கோப் திருகு லூஸ்’ என்று குறித்துக்கொண்டார்.

இவருக்கு ஒரு மாமியார். எழுபது வயசு. கணவர் விட்டுப்போன வின்செஸ்டர் 94 ஒன்று அடுப்படி அலமாரியில் இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894-இல் வந்த மாடல். எழுபது லட்சத்துக்குமேல் விற்றது. ஸ்கோப் கிடையாது. தோட்டா, அரதப் பழைய 30-30. சீசனுக்கு முந்தின வாரம் அந்தம்மாள் ஒரு மரத்தில் சாய்ந்து நின்று, தட்டில் மூன்று குண்டு போடுவார். “நேராத்தான் போகுது” என்பார். ஆராய்ச்சி முடிந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்கு மானோடு வீடு திரும்பிவிடுவார்.

அந்த மான் கறி சாஸேஜை ஒரு கை பார்த்துக்கொண்டே, 30-30 தோட்டாவுக்கு மானை வீழ்த்தும் சக்தி ஏன் போதாது என்று மனிதர் அவருக்கே விளக்குவார்.

“இருக்கலாம் மாப்பிள்ளை. இது அறுபது கெஜத்துல நின்னுது, அதுக்கு யாரும் சொல்லலபோல. இன்னொரு துண்டு வைக்கவா?”

துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் கண் தானாகக் குறிக்கு நேரே வர வேண்டும், உதை பொறுக்கிற அளவில் இருக்க வேண்டும், தோட்டா உள்ளூர்க் கடையில் கிடைக்க வேண்டும், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கி நின்றும் உட்கார்ந்தும் சுட்டுப் பழக வேண்டும். பென்சில்வேனியா மானுக்கு அவ்வளவு போதும். கடைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். அவர் வாயைத் திறப்பதில்லை. அவருடைய பையன் காலேஜில் படிக்கிறான்.

ஆனால் மனிதரைச் சும்மா சொல்லக் கூடாது. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. தயாரிப்பாளரிடம் வாங்குவதாகப் பேர்; விலையில் ஏறி வாங்குபவர் தலையில்தான் விடியும். அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போய்க் காட்டு நிலம் வாங்கவும் வனவிலங்கைப் பெருக்கவும் செலவாகிறது. மாமியாருக்கு ஒரு பெட்டித் தோட்டா நாலு வருஷம் வரும். அந்த வரியோடு சரி. மருமகன் அலமாரியில் ஒன்பது துப்பாக்கி. ஒரு மானையும் கொல்லாமல் மான் கூட்டத்துக்கே படியளந்துகொண்டிருக்கிறார். பத்தாவதாக 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் ஒன்றை இப்போது பார்த்து வைத்திருக்கிறார். தயவுசெய்து யாரும் தடுக்காதீர்கள்.