ரெண்டு பௌர்ணமிக் கணக்கு

வாடா பேராண்டி. இன்னா, மூஞ்சி சுண்டிப் போய்க் கெடக்குது? வெளிநாட்டுக்காரம்மா நாலு பேரு ஊதுபத்திய மோந்து பாத்துகினு நிக்கறாங்க, நீ செல்லத் தடவிகினு ஒக்காந்திருக்க. 'நான் யார்'னு கேளுன்னு எதிர ஆசிரமத்துல ஒருத்தரு சொல்லிட்டுப் போனாரு. நீ 'என் ரேட்டிங் எவ்ளோ'ன்னு கேக்கற. சரி, மொறைக்காத.

உங்கம்மா சொன்னா. முப்பது ஆர்டர்ல ஒரு சாம்பிராணிப் பொட்டலம் ஒடஞ்சு போச்சாம், வாங்கினவன் ஒத்த ஸ்டார் போட்டானாம், கம்பெனிக்காரன் உன் கணக்க முடக்கிட்டானாம். எந்தக் கம்பெனின்னு எனக்குச் சொல்லாத, வேணாம். உதாரணத்துக்கு, 2013-ல நம்ம நாட்டுல கடை விரிச்சானே அமேசான், அவன் விதிய என் பேத்தி படிச்சுக் காட்டினா. குறை வந்த ஆர்டரு நூத்துக்கு ஒண்ணுக்குக் கீழ இருக்கணும். ஒரு ஸ்டாரோ ரெண்டு ஸ்டாரோ விழுந்தா குறை. வாங்கினவன் கம்பெனிகிட்ட முறையிட்டுப் பணம் வாங்கினா குறை. பேங்க்ல சொல்லிக் கார்டுப் பணத்தத் திரும்ப இழுத்துகினா அதுவும் குறை. தவணை தாண்டி அனுப்பறது நூத்துக்கு நாலுக்குக் கீழ, நீயா ரத்து பண்றது ரெண்டரைக்குக் கீழ.

இந்தக் குறைக் கணக்க 60 நாளுக்குப் பாக்கறான். அறுபது நாளுன்னா இன்னாடா? ரெண்டு பௌர்ணமி! நம்ம கடைக்கும் அதே தவணைதான். கிரிவலம் வர்றவன் அக்னி லிங்கம் தாண்டி இப்பிடித்தான் நடந்து வரணும். போன பௌர்ணமிக்கு வாங்கின உருத்திராட்ச மாலை அறுந்துச்சுன்னா இந்தப் பௌர்ணமிக்கு வந்து வாசல்ல நின்னு கத்துவான். ஒரு சேரு எடுத்துப் போட்டு, மோரு குடுத்து, நூலு மாத்திக் கட்டித் தந்தா, பாக்கி தூரத்தச் சிரிச்சுகினே நடப்பான். உன் செல்லுல அந்தச் சேரு போட எடம் இல்ல. அதான் வித்தியாசம்.

கணக்கப் பாரு. முப்பதுல ஒண்ணு ஒடஞ்சா நூத்துக்கு மூணுக்கு மேல. மூவாயிரம் பார்சல் அனுப்பறவனுக்கு இருபது ஒடஞ்சாலும் ஒண்ணுக்குக் கீழதான் நிக்கும். படிக்கல்லு எல்லாருக்கும் ஒண்ணுதான்டா, உன் தட்டுதான் சின்னது.

இந்தக் கணக்குல நல்ல மார்க்கு வாங்கினவனுக்கு இன்னா லாபம்னு கேளு. ஒரே பத்திய பத்து பேரு வித்தா பக்கம் ஒண்ணு, அதுல 'வாங்கு'ன்ற பொத்தான் ஒண்ணு. விலை, கையில சரக்கு, சீக்கிரம் கொண்டு போய்ச் சேக்கறது, இந்த மார்க்கு, எல்லாத்தையும் பாத்து ஒருத்தனுக்கு அந்தப் பொத்தானக் குடுப்பான். மத்த ஒம்போது பேரும் சந்துக்குள்ள கடை போட்ட மாதிரிதான். மார்க்கு போடறவனே சில பேர மடியில வெச்சுக் கொஞ்சறானோன்னு சந்தேகம் வந்து, இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில அமேசான், ஃப்ளிப்கார்ட் ரெண்டையும் விசாரிக்கச் சொல்லிச்சு. ஆசிரமத்து மயிலுக்கு மட்டும் பொரி போட்டா கொரங்கு சும்மா இருக்குமா?

ஒரு காலத்துல இந்த மார்க்கு போடறது ரெண்டு பக்கமும் ஓடிச்சு தெரியுமா? இபே 1996-ல இந்த மார்க்குப் பழக்கத்த ஆரம்பிச்சப்ப, வித்தவன் வாங்கினவனுக்குப் போடலாம், வாங்கினவன் வித்தவனுக்குப் போடலாம். நீ திட்டினா நானும் திட்டுவேன்ற பயத்துல எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்துகினு கெடந்தாங்க, கல்யாண மொய்யி மாதிரி. 2008-ல இபேக்காரன் வித்தவனோட வாயக் கட்டிட்டான். வாங்கினவனப் பத்தி இனிமே நல்லது மட்டும்தான் எழுதலாம்.

நீ மட்டும் சும்மாவா இருந்த? மாமன் மச்சான் ஏழு பேருகிட்ட அஞ்சஞ்சு ஸ்டார் மொய்யி வாங்கின. ஒருத்தன் எழுதறான், 'ஊதுபத்தி ருசியாக இருந்தது'ன்னு. துன்னு பாத்தானா அவன்? இந்தக் கூத்துக்குன்னே இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பர்ல ஐஎஸ் 19000-ன்னு ஒரு தரம் போட்டுச்சு. பாலுக்கு வந்த கலப்பட பயம் பாராட்டுக்கும் வந்துடுச்சு.

இப்ப கேளு. கையில இல்லாத சரக்கப் பட்டியல்ல வெக்காத, அப்புறம் ரத்து பண்ணிகினு முழிக்காத. சாம்பிராணியப் பழைய பேப்பர்ல ரெண்டு சுத்து சுத்தி, குலுக்கிப் பாத்து அனுப்பு. கார்த்திகை தீபத்துக்கு ஊரே ரோட்டுல நிக்கும், கொரியர் வண்டி எப்பிடிடா உள்ள வரும்? அந்த வாரம் கடைக்கு விடுமுறைன்னு முன்னாடியே போட்டு வையி. போன வருசம் போடாம, மலை மேல தீபம் எரியுது, உன் போன்ல செவப்பு எரியுதுன்னு அழுதியே.

முடக்கினவனுக்கு மொறையிட்டு எழுதறியா? எழுது. நாலு வரியில முடி. இன்னா தப்பாச்சு, எதனால ஆச்சு, இனி எப்பிடிக் கட்டி அனுப்புவ, அவ்ளோதான். தாத்தா காலத்துலேருந்து கடை வெச்சிருக்கோம்னு எல்லாம் பாட்டு பாடாத. அத அங்க படிக்கறவனுக்கு தாத்தாவே கெடையாது.

போயி அந்தம்மாங்களுக்குப் பத்தியக் கட்டிக் குடு. அப்பிடியே எனக்கு ஒரு டீ சொல்லு. நல்லா இல்லன்னாலும் மூணு ஸ்டார் போடறேன், பயப்படாத. ரெண்டு போட்டா உன் கணக்குல ஏறிடும்.