வயிற்றுத் தணிக்கைத் துறை

யூடியூபில் ஒரு தம்ப்நெயில். நடிகை ஒருவர் காரிலிருந்து இறங்குகிறார். தொளதொளவென்று சுடிதார். காற்றடித்ததில் துணி வயிற்றுப் பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நடந்தது அவ்வளவுதான். அந்த உப்பலைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம், வட்டத்தை நோக்கி மஞ்சளில் ஓர் அம்புக்குறி. போதாதென்று மூலையில், வேறேதோ படத்திலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு காமெடி நடிகரின் தலை வாயைப் பிளந்து நிற்கிறது. மேலே கொட்டை எழுத்து: 'அட, இத்தனை மாசமா? அதிர்ச்சியில் திரையுலகம்!' உள்ளே போனால் எட்டு நிமிஷ வீடியோ. ஏழரை நிமிஷம் அவர் பிறந்தது எங்கே, படித்தது எங்கே என்ற சரித்திரம். மிச்ச அரை நிமிஷத்தில் ஒரு குரல், 'இது உண்மையா பொய்யான்னு கமெண்ட்ல சொல்லுங்க மக்களே' என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

மக்கள் சொல்வார்கள், தெரியாதா என்ன? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் வாசலிலும் பலகை தொங்குகிறது. கமெண்ட் பகுதியில் பலகை இல்லை. வயிறு கூம்பியிருக்கு, பையன்தான் என்கிறார் ஒருவர். முகத்தில் களை இல்லை, பொண்ணுதான் என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் வந்து, இது புரோட்டா சாப்பிட்ட வயிறு என்று முடித்து வைக்கிறார். எந்தக் கெஜட்டிலும் இல்லாத துறை இது. சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது. ஆனாலும் ஒருவர்கூட லீவு போட மாட்டேன் என்கிறார்கள்.

துறையின் பொற்காலம் 2022. ஜூன் 9ஆம் தேதி மாமல்லபுரத்தில் நயன்தாராவுக்கும் விக்னேஷ் சிவனுக்கும் கல்யாணம். அக்டோபர் 9ஆம் தேதி, பிஞ்சுப் பாதங்களை முத்தமிடும் படத்தோடு, இரட்டை ஆண் குழந்தைகளுக்குப் பெற்றோராகிவிட்டோம் என்று அறிவித்தார்கள். அன்றைக்குத் தமிழ்நாடே விரல் விட்டு எண்ணியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... நாலு மாசம்! ரேஷன் கடையில் கால் கிலோ குறைந்தால் வாய் திறக்காதவரும், பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காதவரும் கணக்கில் புலியான நாள் அது. சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் வாடகைத் தாய்ச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். காலையில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த நாளே சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், விளக்கம் கேட்கப்படும் என்றார். குழு போட்டார்கள். வாடகைத் தாய் முறை இந்த நாட்டில் ஏழைப் பெண்களின் உடம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த தொழில். அதற்குச் சட்டம் வந்தது நியாயம், மீறல் என்று சந்தேகம் எழுந்தால் அரசு விசாரிப்பதும் நியாயம். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அக்டோபர் 26ஆம் தேதி அறிக்கை வந்தது. இருவரும் 2016 மார்ச்சிலேயே பதிவுத் திருமணம் செய்தவர்கள். வாடகைத் தாயோடு ஒப்பந்தம் போட்டது 2021 நவம்பரில். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25இல். விதிமீறல் இல்லை. ஆனால் மருத்துவமனை சிகிச்சை ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்கவில்லை, விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றது அறிக்கை.

அந்தக் கடைசி வரிதான் செய்தி. நாளைக்கு நம் வீட்டுப் பெண் போய்ப் படுக்கப்போகும் கட்டிலைப் பற்றியது அது. அதற்கு எத்தனை தம்ப்நெயில் வந்தது என்று தேடிப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டடத்துக்கு வயிறு கிடையாதே, பாவம், எதைச் சுற்றி வட்டம் போடுவார்கள்!

சட்டத்தின் மேல் வந்த அக்கறைதான் இது என்று இன்னும் சாதிப்பவர்களை ஈரோட்டுக்குக் கூப்பிடுகிறேன். அதே 2022. நயன்தாராவின் அறிவிப்புக்கு நாலைந்து மாசம் முன்னால், 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டையை எடுத்து விற்றது அங்கே அம்பலமானது. ஒரு தடவை அல்ல, பல தடவை. பெற்ற தாயே உடந்தை, இடையில் புரோக்கர், வயதைக் கூட்டிக் காட்ட ஒரு போலி ஆதார். கைதுகள் நடந்தன. விசாரணை கேரளம், ஆந்திரம் வரைக்கும் போனது. தமிழ்நாட்டில் நாலு மருத்துவமனைகளின் ஸ்கேன் மையங்களை மூடச் சொல்லி ஜூலையில் அரசு உத்தரவிட்டது. ஊசி போட்டு, முட்டை முதிரவைத்து, மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுக்கிற வேலை அது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்கு நடந்தது. எங்கே போயிருந்தன அந்த விரல்கள்? எத்தனை மாசம், எத்தனை தடவை, எந்த டாக்டர் என்று ஏன் ஒரு கையும் எண்ணவில்லை? செய்தி வந்தது, நாலு நாள் ஓடியது, போயிற்று. அந்தப் பெண் ஏர்போர்ட்டில் கூலிங் கிளாஸோடு நடந்து வருகிறவள் இல்லை. அவள் வயிற்றில் என்ன நடந்தாலும் இவர்களுக்கு வியூஸ் வராது. சட்டமாம், அக்கறையாம்.

தணிக்கைத் துறைக்கென்று விதிமுறைகள் உண்டு. என்ன, ஒன்றோடொன்று சேராது. பாடகி சின்மயிக்கு அதே 2022 ஜூனில் இரட்டைக் குழந்தைகள். அவர் வயிற்றைக் காட்டிப் படம் போட்டிருக்கவில்லை. ஆகவே வாடகைத் தாய்தான் என்று தீர்ப்பானது. பிள்ளை பெற்ற களைப்பில் கிடக்கும் பெண், கர்ப்பமாக இருந்தபோது எடுத்த படத்தைத் தேடி எடுத்து, பாருங்கள் சாமிகளே என்று காட்ட வேண்டியிருந்தது. காஜல் அகர்வால் கர்ப்பமாக இருந்தபோதே படம் போட்டார். அப்போது, உடம்பு ஊதிப் போச்சு என்று இளக்காரம். கர்ப்பிணியின் உடம்பு கனக்கும் என்கிற எட்டாம் வகுப்பு அறிவியலை அந்தப் பெண்ணே உட்கார்ந்து எழுதி விளக்கினார். தீபிகா படுகோன் 2024 மே 20ஆம் தேதி மேடிட்ட வயிற்றோடு மும்பையில் ஓட்டுப் போட வரிசையில் வந்து நின்றார். அது போலி வயிறு, உள்ளே தலையணை என்றார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி தலையணைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறைத்தால் வாடகை, காட்டினால் குண்டு, நிமிர்ந்து நடந்தால் பஞ்சு.

சரி, முகம் காட்டாமல் எழுதுகிற கூட்டத்தை விடுவோம். கோட்டு போட்டுக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்து, மரியாதையான ஆங்கிலத்தில் கேட்பவர்களைப் பார்ப்போம். 2016 ஜூலை. சானியா மிர்ஸா பெண்கள் இரட்டையர் டென்னிஸில் உலகின் முதல் இடத்தில் இருக்கிறார். விம்பிள்டன் கோப்பை கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. சுயசரிதை வெளிவந்திருக்கிறது. பேட்டி எடுப்பவர் ராஜ்தீப் சர்தேசாய், நாடறிந்த மூத்த பத்திரிகையாளர். எப்போது செட்டில் ஆகப்போகிறீர்கள் என்று கேட்டார் அவர். தாய்மை, குடும்பம் இதெல்லாம் புத்தகத்தில் காணோமே என்று ஒரு துணைக்கேள்வி வேறு. உலகில் முதல் இடம் என்பது அவருக்கு இடைக்கால ஏற்பாடு. வயிறு நிறைந்தால்தான் நிரந்தரப் பணி.

சானியா பல்லைக் கடிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. நம்பர் ஒன்னாக இருப்பதை விட்டுவிட்டுத் தாய்மையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதில் உங்களுக்கு ஏமாற்றம் போலிருக்கிறதே என்று கேட்டார். முதலில் கல்யாணம், அப்புறம் பிள்ளை, அது ஆகும்வரை எத்தனை விம்பிள்டன் ஜெயித்தாலும் எங்களை செட்டில் ஆனவர்கள் என்று ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றார். சர்தேசாய் அங்கேயே மன்னிப்புக் கேட்டார். ஆண் வீரர் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த மட்டுக்கும் அவர் மனுஷர். சானியாவின் அன்றைய கணவர் ஷோயப் மாலிக்கும் அப்போது கிரிக்கெட் ஆடிக்கொண்டுதான் இருந்தார். இருவர் சேர்ந்து நடத்த வேண்டிய காரியத்துக்கு ஒருத்திக்கு மட்டும் ஷோகாஸ் நோட்டீஸ்.

விரல் விட்டு எண்ணுவது நம் தனிச்சொத்து என்று பெருமைப்படவும் வழியில்லை. நியூசிலாந்தில் ஜசிந்தா ஆர்டர்ன் 2017 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொழிற்கட்சித் தலைவரானார். அன்று இரவே டிவியில் பிள்ளை பெறுவதைப் பற்றிக் கேள்வி. மறுநாள் காலை இன்னொரு நிகழ்ச்சித் தொகுப்பாளர், வேலைக்கு எடுப்பவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று வாதாடினார். ஜசிந்தா அவரை நோக்கி விரலை நீட்டி, 2017இல் பெண்கள் வேலையிடத்தில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை ஏற்க முடியாது என்றார். பிரதமரான பின், கர்ப்பமாக இருப்பதை அறிவித்தார். 2018 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் '60 மினிட்ஸ்' வந்தது. அதன் மூத்த நிருபர், முக்கியமான அரசியல் கேள்வி என்ற பீடிகையோடு பிரசவத் தேதியைக் கேட்டார். கேட்டுவிட்டு, பலரும் கரு தரித்த நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார்களே என்றார். பிரதமரின் முகத்தில் ஓடியதை எழுத்தில் கொண்டுவர முடியாது, வீடியோவைத்தான் பார்க்க வேண்டும். டாஸ்மன் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் நம் சித்தப்பா ஒருவர் இருந்திருக்கிறார்.

இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக். 1988இல் எதிர்க்கட்சித் தலைவி பேநசீர் பூட்டோ கர்ப்பம் என்று தெரிந்ததும், பிரசவ நேரமாகப் பார்த்துத் தேர்தலை வைக்கக் கணக்குப் போட்டார் என்று பேநசீரே பின்னாளில் சொன்னார். தேதி எதிராளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார் அந்தப் பெண். செப்டம்பர் 21ஆம் தேதி மகன் பிலாவல் பிறந்தார், நவம்பரில் தேர்தல், டிசம்பரில் தாய் பிரதமர். முடிவைப் பார்க்க ஜியா உயிரோடு இல்லை. ராணுவமும் உளவுத்துறையும் கையில் வைத்திருந்தவருக்கே தப்பிப் போன கணக்கு இது. செல்போனை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் விடாமல் போடுகிறார்கள்.

கோடம்பாக்கத்துக்கு வருவோம். படம் வெளிவரும் வாரத்தில் ஒரு ஓட்டல் அறை, வெளியே சேனல்கள் வரிசை, உள்ளே நாயகி. சேனலுக்குப் பத்து நிமிஷம் என்று பிஆர்ஓ வாசலில் நிற்கிறார். முதல் ஒன்பது நிமிஷம் படத்தைப் பற்றி, அதாவது ஹீரோவோடு நடித்த அனுபவத்தைப் பற்றி. பத்தாவது நிமிஷத்தில் தொகுப்பாளர் குரலைத் தழைத்துக்கொள்வார்: 'தப்பா எடுத்துக்காதீங்க மேம், ரசிகர்கள் கேக்கச் சொன்னாங்க... விசேஷம் ஏதும் உண்டா?' எந்த ரசிகர்? எப்போது வந்து சொன்னார்? பதில் சொன்னால் செய்தி, சிரித்து மழுப்பினால் 'வெட்கத்தில் சிவந்த நடிகை', முறைத்தால் 'பேட்டியிலிருந்து பாதியில் வெளியேற்றம்'. மூன்றுக்கும் தம்ப்நெயில் தயார். ஒரு குழந்தைக்காகப் பல வருஷம் ஊசி போட்டுக்கொண்டிருப்பவளாக இருக்கலாம். போன மாசம்தான் கலைந்திருக்கலாம். வேண்டாம் என்று புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கலாம். ஹாலிவுட் நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் பிள்ளை பெறாத சுயநலக்காரி என்று உலகம் ஏசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஐவிஎஃப் சிகிச்சைக்கு அலைந்துகொண்டிருந்தார். அதை வெளியே சொன்னது 2022இல்தான். அத்தனை வருஷமும் மைக் அவர் வாயருகே இருந்தது.

இதே அறைக்கு அடுத்த அறையில் ஹீரோ. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சேனலாவது அவரிடம் போய், 'கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சே சார், விந்தணு டெஸ்ட் எடுத்தீங்களா, எண்ணிக்கை எவ்வளவு?' என்று கேட்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க சார், ரசிகர்கள் கேக்கச் சொன்னாங்க என்ற அதே பீடிகையைப் போட்டுக்கொள்ளட்டும். அன்று ராத்திரி சேனல் வாசலில் எத்தனை பைக் நிற்கும் என்று எண்ணத்தான் அந்த விரல்கள் உதவும்.

மாறிவிட்டது, இப்போதெல்லாம் அப்படி இல்லை என்பவர்களுக்கு 2025 நவம்பரை நினைவுபடுத்துகிறேன். 'அதர்ஸ்' என்ற படம். பாட்டில் நாயகியைத் தூக்கினீர்களே, அவர் எடை எவ்வளவு என்று ஹீரோவிடம் ஒரு யூடியூபர் கேட்டிருந்தார். தூக்கியவரிடம்தானே கேட்க வேண்டும், மூட்டைக்கு என்ன தெரியும்! நாயகி கௌரி கிஷன், '96' படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்தவர், பத்திரிகையாளர் சந்திப்பில் அதை எடுத்துக் கேட்டார். இது உடல் கேலி என்றார். கேட்டவர் குரலை உயர்த்தி நியாயம் பேசினார். பிரஸ் மீட் மேடை எடை மேடை ஆனது. அந்தப் பெண் தனியாக வாதாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஹீரோவும் இயக்குநரும் வாயே திறக்கவில்லை. ஹீரோ பின்னால் வருத்தம் தெரிவித்தார். கேள்வி கேட்டவரும் ஒரு வீடியோ போட்டார். நான் கேட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்ற வகை வருத்தம் அது. பொறுப்பேற்காத மன்னிப்பு மன்னிப்பே இல்லை என்று சொல்லி கௌரி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். வருத்தமெல்லாம் வீட்டுக்குப் போய் எழுதியது. மேடையில் இருந்தபோது, 'அடுத்த கேள்வி' என்று சொல்லக்கூட ஒரு ஆம்பளைக்கு வாய் வரவில்லை.