விருந்தோம்பலும் விசாவும்

இந்தியப் பிரஜைகள் 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம் என்று மலேசிய அரசாங்கம் 2023 டிசம்பர் 1 முதல் சலுகை வழங்கியது தொட்டு, மலாக்கா மாநிலத்து ஜாசின்வாசிகளாகிய எம்மீது தமிழ்நாட்டுப் பந்துக்கள் வைத்திருந்த வாஞ்சை, அதுவரை விவாகப் பத்திரிகைகளின் வாயிலாக மட்டுமே பிரசன்னமாகி வந்தது, சரீர ரூபமெடுத்து விமானத்தில் வந்து இறங்கலாயிற்று.

செம்பனைத் தோட்டத்தின் ஊடே காரில் போகும்போது, "இதெல்லாம் பேரீச்சையா மாப்பிள்ளை?" என்று மாமா வினவுவார். மலாக்காவிலோ, 1511இல் அந்நகரைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாசலை நாம் பக்தி சிரத்தையோடு காட்ட, செஞ்சிக் கோட்டையின் மகாத்மியத்தை அவர் விஸ்தாரமாக எடுத்துரைப்பார். டச்சுக்காரர் ஆட்சியில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தைத் தரிசித்தபின், "பிள்ளையாரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்?" என்பாள் அத்தை. அவ்வாலயத்தை எழுப்பிய மலாக்கா செட்டிகளின் பூர்வோத்தரத்தைச் சொல்ல வாயெடுத்த நமக்கு (நியாயமாகப் பார்த்தால் காணத்தக்கது அதுவே) அதற்குமேல் உற்சாகம் இராது.

ஆயினும் பேரங்காடியில் கோடாலித் தைலமும் மைலோ மாவும் அடுக்கிய வரிசைகளின் முன்னே அவர்கள் அடைந்த பரவசம் எந்தப் புண்ணிய க்ஷேத்திரத்திலும் நான் கண்டிராதது. பெட்டியின் மேல் ஒருவர் ஏறி உட்கார, மற்றவர் பூட்டினார்.

விடைபெறும்போது, "நம்ம ஊருக்கு நீங்கள்தான் வருவதே இல்லை" என்று மாமா கண்கலங்கினார். இந்தியா செல்ல எமக்கு இன்னமும் விசா வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.